நடவடிக்கைக் குறிப்பு

மூலனூர் கல்யாண மண்டபத்தில் கூட்டம்.
மணமேடையில் தாசில்தார், கம்பெனிக்காரர்கள் மூவர்.
முந்தாநாள் முகூர்த்தத்தின் தெர்மக்கோல் எழுத்துகளை
இன்னும் யாரும் கழற்றவில்லை.
குறிப்பெடுக்கும் இளநிலை உதவியாளர் நான்.

நூற்றெண்பது ஏக்கர் கொரங்காடு.
கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டு
சோலார் தகடு பதிக்கப்போகிறார்கள்.
'புகையில்லை, சாம்பலில்லை, சத்தமில்லை'
என்றான் கோட்டுப் போட்ட பையன். நல்ல தமிழ்.
எழுதினேன்: புகை இல்லை.

பொங்கியண்ணன் எழுந்தார்.
'வெய்யலை ஆருங்க வேண்டாங்கறது?
பொறந்ததுல இருந்து பங்காளியாட்ட
அது கூடவேதான் கெடக்குது.
எம்பட ஆடு நாப்பத்தெட்டும்
கொழுக்கட்டைப் புல்லுத் திங்குமுங்க,
கண்ணாடி திங்காதுங்க.'
சிரிப்பு.
சிரிப்பைக் குறிப்பில் எப்படி எழுதுவதென்று
எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. விட்டுவிட்டேன்.

அவர் வந்த அதே பஸ்ஸில் வந்த செல்லாத்தாள்
மைக்கை வாங்காமலே பேசினாள்:
'ஏக்கருக்கு வருசம் முப்பதாயிரம் குத்தகை.
மழை பேஞ்சாலும் பேயாட்டியும்.
எம்புள்ளைக்கு நர்சிங் பீசு
வெள்வேல மரமா கட்டுது?'
பொங்கியண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார்.
'அதுஞ் செரிதான்' என்றார், மைக்குக்கு வெளியே.
அதையும் எழுதவில்லை.

கோயமுத்தூரில் இருந்து வந்த தம்பி
தரையில் முட்டையிடும் குருவியைப் பற்றிச்
சொல்லிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது.
காற்றாடிகள் மெல்ல மெல்ல நின்றன.
முந்நூறு பேர் நோட்டீசை மடித்து
விசிற ஆரம்பித்தார்கள்.
வேணுங்கிறவர்கள், வேண்டாங்கிறவர்கள்,
மேடையில் தாசில்தார்,
கோட்டைக் கழற்றிவிட்டு அந்தப் பையனும்.
குருவி அந்த வாக்கியத்தோடு நின்றுபோனது.

பொழுதோடத் தாராபுரம் வந்தேன்.
திருமூர்த்திக்கு மில்லில் ராத்திரி ஷிப்ட்.
பகலில் தூங்கவேண்டிய மனுசன்
மூணு கோடையாக ஈரத்துண்டைப் போர்த்திக் கிடந்தார்.
இந்தச் சித்திரையில் ஏ.சி. வாங்கினோம்.
பதினெட்டு மாதத் தவணை, ஐந்து நட்சத்திர ஸ்டிக்கர்.
முதல் நாள் கம்பளியைத் தேடியெடுத்தோம்.
வெட்கமாகத்தான் இருந்தது,
அக்னி நட்சத்திரத்தில் கம்பளி.

வெளிப்பெட்டி மல்லேஸ்வரியின்
அடுப்படி ஜன்னலைப் பார்த்து ஊதுகிறது.
வேறு சுவர் எங்களுக்கு இல்லை.
கேட்டைத் திறக்கும்போதே நின்றிருந்தாள்,
கையில் கருகிய கருவேப்பிலைக் கொத்து.
'ஏனுங்க்கா, குளிரு உங்களுக்கு,
சூடு எனக்குங்களா?'

மத்தியானம் முப்பத்தோரு கருத்தை
வரி பிசகாமல் எழுதிய கை இது.
'அவருகிட்டச் சொல்றேன்' என்றேன்.
மேடையில் இருந்தவர்களும்
கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்கள்.

பெட்டியை மொட்டைமாடிக்கு ஏற்றலாம்.
செம்புக் குழாய் இருபதடி, கூலியோடு
ஐயாயிரத்து நானூறு.
'அடுத்த மாசம்' என்கிறார் திருமூர்த்தி,
டிபன் பாக்சை மூடியபடி.
போன மாசமும் அதைத்தான் சொன்னார்.

ராத்திரி.
இருபத்தி ரெண்டை இருபத்தாறாக்கி வைத்துவிட்டு
குறிப்பை டைப் அடிக்கிறேன்.
கடைசி வரி எப்போதும் உள்ளதுதான்:
கூட்டம் அமைதியாக நடந்து முடிந்தது.

கம்ப்ரெசர் ஓய்ந்த இடைவெளியில்
சுவருக்கு அந்தப்பக்கம் ஏதோ சத்தம்.
எட்டிப் பார்த்தேன்.
எங்கள் பெட்டி சொட்டும் தண்ணீருக்கு
மல்லேஸ்வரி பெயிண்ட் டப்பா வைத்திருக்கிறாள்.
அரை டப்பா நிறைந்திருக்கிறது.
அதை எடுத்துச் செடிக்கு ஊற்றிவிட்டு,
ஜன்னல் அட்டையைச் சரிசெய்துவிட்டு,
டப்பாவை அதே இடத்தில் வைத்துப் போனாள்.
விளக்கை அணைக்காமல் நின்றிருந்தேன்.
பார்த்திருப்பாள்.
மறுபடியும் பெட்டி ஊத ஆரம்பித்தது.